இரட்டையர் ஊருக்கு ஒரு பயணம்

செக் நாட்டின் தெற்கு மொராவியாவில் இவான்சிட்சே என்று ஒரு சிற்றூர். யிஹ்லவா, ஒஸ்லவா, ரொகித்னா என்று மூன்று ஆறுகள் இங்கே கூடுகின்றன. ஓவியர் அல்ஃபோன்ஸ் முக்கா 1860-இல் பிறந்தது இந்த ஊரில்தான். மே மாதம் பிறந்தால் ஆஸ்பரகஸ் திருவிழா; தெருவெங்கும் அந்தப் பச்சைத் தண்டின் சூப்பும் வறுவலும் மணக்கும். ஊருக்கு வெளியே 19-ஆம் நூற்றாண்டு இரும்பு ரயில் பாலம் ஒன்றின் மிச்சம் நினைவுச் சின்னமாக நிற்கிறது. இதையெல்லாம் பார்க்கத்தான் பயணிகள் வருகிறார்கள். நான் போனது இந்த ஊரில் வளர்ந்த பார்போரா க்ரெய்ச்சிகோவாவுக்காக.

விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றவர் என்று அவரைப் பலருக்குத் தெரியும். எனக்கு அவர் முதலில் இரட்டையர் ஆட்டக்காரர். கதெரீனா சினியகோவாவோடு சேர்ந்து 7 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள், டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம், அதுபோக கலப்பு இரட்டையரில் ஆஸ்திரேலிய ஓப்பனை 3 முறை வென்றவர். இந்தியாவில் டென்னிஸ் பார்த்து வளர்ந்த நமக்கு இரட்டையர் ஆட்டத்தின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பயஸ், பூபதி, சானியா என்று நாம் கொண்டாடிய கிராண்ட் ஸ்லாம் கோப்பைகள் எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. ஆனாலும் இரட்டையர் என்றால் ஒற்றையரில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடம் என்ற பேச்சு நம்மிடையேயும் உண்டு. அந்தப் பேச்சு தவறு என்பதை க்ரெய்ச்சிகோவாவின் வாழ்க்கை போல நிரூபித்தது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. அந்த வாழ்க்கை எங்கே, எப்படி உருவானது என்று நேரில் பார்க்க நெடுநாள் ஆசை.

2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கம் மைதானத்தில் நடந்த சென்னை ஓப்பனை 17 வயது லிண்டா ஃப்ருஹ்விர்த்தோவா வென்றபோது அந்த ஆசை இன்னும் முறுகிப்போனது. அவரும் செக். நம் சென்னைப் பெருநகர் அளவு மக்களே கொண்ட ஒரு நாட்டிலிருந்து இத்தனை பெண்கள் எப்படி வந்துகொண்டே இருக்கிறார்கள்?

2025 மே மாதம் ப்ராக் நகரில் இறங்கியதும் முதல் வேலையாக ஷ்ட்வானிட்சே தீவுக்குப் போனேன். வல்டாவா ஆற்றின் நடுவே நீளவாக்கில் கிடக்கும் தீவு. அதில் செந்நிற ஆடுகளங்கள், நடுவே ஓர் அரங்கம். 1986-இல் அங்கே ஃபெடரேஷன் கோப்பை நடந்தது. 1975-இல் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்கரான மார்ட்டினா நவ்ரத்திலோவா, பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த மண்ணில் கால் வைத்தது அந்த வாரம்தான். இறுதிப் போட்டியில் அமெரிக்காவுக்காக அவர் தன் பழைய நாட்டையே தோற்கடித்தார். கூட்டம் அவருக்குத்தான் கைதட்டியது. நவ்ரத்திலோவா என்றதும் எல்லோரும் 9 விம்பிள்டன் ஒற்றையர் பட்டங்களைச் சொல்வார்கள். பெண்கள் இரட்டையரில் அவர் வென்ற கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் 31. அவற்றில் 20 பாம் ஷ்ரைவரோடு சேர்ந்து வென்றவை. 1983 முதல் 1985 வரை அந்த ஜோடி தொடர்ந்து 109 ஆட்டங்களில் தோற்கவே இல்லை. ஒற்றையரின் உச்சியில் இருந்த ஒருவர் இரட்டையரை இத்தனை தீவிரமாக ஆடினார் என்பதே அந்த ஆட்டத்துக்கு ஒரு சான்றிதழ்.

ப்ராகிலிருந்து பிர்னோவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். மெண்டல் பட்டாணிச் செடிகளை வளர்த்த மடம், மிலன் குந்தேரா பிறந்த ஊர் என்று பார்க்கப் பல இருந்தும், என் கால் லுஷாங்கி பூங்காப் பக்கம்தான் போனது. பெரிய மரங்களுக்கு அடியில் டென்னிஸ் களங்கள். செங்கல்லைப் பொடித்துப் பரப்பிய தரை. ஆடி முடித்தவர்கள் தாங்களே ஒரு கனத்த வலையை இழுத்துக்கொண்டு களத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தரையைச் சமன் செய்கிறார்கள், பிறகு தண்ணீர் தெளிக்கிறார்கள். அடுத்து ஆட வருபவருக்குக் களத்தை ஒழுங்காக ஒப்படைக்க வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம்.

பிர்னோவில்தான் 1968-இல் யானா நோவோட்னா பிறந்தார். என் தலைமுறைக்கு அவர் ஒரு தோல்வியின் முகம். 1993 விம்பிள்டன் இறுதியில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னிலை. 5-1 ஆக்க ஒரு புள்ளி போதும் என்ற இடத்தில் இரட்டைத் தவறு. அங்கிருந்து எல்லாம் சரிந்தது. பரிசளிப்பின்போது கெண்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அவர் அழுத படத்தை உலகமே பார்த்தது. 1997 இறுதியிலும் தோல்வி, இம்முறை மார்ட்டினா ஹிங்கிஸிடம். கடைசியில் 1998-இல், 29 வயதில், விம்பிள்டன் ஒற்றையர் வெற்றித் தட்டு கைக்கு வந்தது.

இந்தக் கதையை எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. 1993-இல் அழுத அந்தப் பெண் ஏற்கெனவே விம்பிள்டன் சாம்பியன். 1989-இலும் 1990-இலும் ஹெலேனா சுகோவாவோடு சேர்ந்து அங்கே இரட்டையர் பட்டம் வென்றிருந்தார். மொத்தம் 12 கிராண்ட் ஸ்லாம் இரட்டையர் பட்டங்கள், ஐந்து வெவ்வேறு துணைகளோடு: சுகோவா, ஜிஜி ஃபெர்னாண்டஸ், அராஞ்சா சான்செஸ் விகாரியோ, லிண்ட்சே டேவன்போர்ட், ஹிங்கிஸ். 1998 விம்பிள்டன் அரையிறுதியில் ஹிங்கிஸை வீழ்த்தியவர், அதே வாரம் அதே ஹிங்கிஸோடு சேர்ந்து இரட்டையர் கோப்பையையும் தூக்கினார். காலையில் எதிரி, மாலையில் துணை. இப்படி மனத்தை மாற்றி வைத்துக்கொள்ளும் பக்குவம் எளிதில் வராது. ஐந்து விதமான மனிதர்களோடு ஒத்துப்போய் ஐந்து பேரையும் வெல்லவைத்த ஒருவரை, தோற்று அழுத முகமாகவே நினைவில் வைத்திருப்பது நியாயமில்லை என்று பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபோது திரும்பத் திரும்பத் தோன்றியது.

2014-இல் நடந்ததுதான் இந்தப் பயணத்துக்கே காரணம். ஜூனியர் ஆட்டங்களை முடித்த 18 வயது க்ரெய்ச்சிகோவாவுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. சினியகோவாவோடு சேர்ந்து 2013-இல் ஃபிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன்களின் ஜூனியர் இரட்டையர் பட்டங்களை வென்றிருந்தார். ஆனால் ஜூனியர் பட்டம் பெரியவர்கள் உலகில் சோறு போடாது. ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு நோவோட்னாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். நோவோட்னா பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். அந்தக் கதவைத் தட்டிய நாள்தான் தன் வாழ்க்கையை மாற்றியது என்று க்ரெய்ச்சிகோவா பின்னாளில் விம்பிள்டன் மைதானத்தில் நின்று சொன்னார்.

2017 நவம்பரில் நோவோட்னா புற்றுநோயால் இறந்தார். வயது 49. நோய்க் காலத்தில் சிஷ்யை பக்கத்திலேயே இருந்தார். ஆட்டத்தை மகிழ்ந்து ஆடு, ஒரு கிராண்ட் ஸ்லாம் வென்றுவிடு என்பது குரு அவரிடம் சொல்லிவிட்டுப் போனது. ஏழே மாதம் கழித்து, 2018 ஜூனில், க்ரெய்ச்சிகோவாவும் சினியகோவாவும் ஃபிரெஞ்சு ஓப்பன் பெண்கள் இரட்டையரை வென்றார்கள். அடுத்த மாதம் விம்பிள்டன். அந்த விம்பிள்டன் இறுதியில் எதிர்ப்பக்கம் நின்றவர்கள் நிக்கோல் மெலிச்சாரும் க்வேதா பெஷ்கேயும். மெலிச்சார் அமெரிக்காவுக்கு ஆடினாலும் பிறந்தது பிர்னோவில், பெஷ்கேயும் செக். களத்தில் இருந்த நால்வருமே இந்தச் சிறிய நாட்டில் பிறந்தவர்கள்.

சனிக்கிழமை காலை பிர்னோவிலிருந்து இவான்சிட்சேக்கு ரயில் ஏறினேன். ஏறக்குறைய முக்கால் மணி நேரம். தேவாலயக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஊரைப் பார்க்கலாம் என்றார்கள், பார்த்தேன், அழகுதான். ஆனால் டென்னிஸ் களத்தில் பந்து படும் ஓசை கேட்டதும் ஆஸ்பரகஸ் கடைகளைக்கூட விட்டுவிட்டு அங்கே போய்விட்டேன்.

நான் போன நேரம் நல்ல நேரம். மே, ஜூன் மாதச் சனி ஞாயிறுகளில் செக் நாடு முழுவதும் கிளப்புகளுக்கிடையே குழுப் போட்டிகள் நடக்கின்றன. ஊருக்கு ஊர், வயதுக்கு வயது, தரத்துக்குத் தரம். அன்று சிறுவர் சிறுமியர் குழு; பக்கத்து ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். முதலில் ஒற்றையர் ஆட்டங்கள். அவை முடிந்தபின் இரட்டையர். ஒற்றையரில் இரு பக்கமும் ஒட்டி நின்றால், வெற்றி தோல்வியைத் தீர்ப்பது இரட்டையர்தான். அப்படியானால் எந்தக் கிளப்பும் இரட்டையர் கற்றுத்தராமல் இருக்க முடியாது. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் ஆலைகளோடும் ஊர்களோடும் இணைந்த விளையாட்டுச் சங்கங்களாக இருந்தவை, பிறகு பெயர் மாறியும் இந்தச் சனிக்கிழமைப் பழக்கத்தை விடவில்லை. இத்தனை செக் இரட்டையர் சாம்பியன்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற என் கேள்விக்கு இதுதான் விடை என்று நினைக்கிறேன். சிறுவயதிலேயே, குழுவின் மானத்தைக் காக்க, கூட நிற்பவரோடு சேர்ந்து ஆடியே ஆக வேண்டிய கட்டாயம்.

பெரிய கிளப் வேண்டுமென்றால் புரொஸ்தியோவ் போக வேண்டும். பெட்ரா க்விதோவாவும் தோமாஷ் பெர்டிக்கும் அங்கே பயின்றவர்கள். நானும் போனேன்; உயர்ந்த அரங்கம், உள்ளரங்கக் களங்கள், எல்லாம் உண்டு. ஆனால் எனக்குச் சொல்ல இருப்பது இவான்சிட்சே வேலிக்குப் பின்னால் நின்று பார்த்ததைத்தான்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்கள் நால்வர். ஒருத்தி சர்வீஸ் போடத் தயாராகிறாள். வலையருகே நிற்கும் துணை ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களைக் காட்டுகிறாள். குறுக்கே பாய்ந்து பந்தை வெட்டப் போகிறேனா, நின்ற இடத்திலேயே நிற்கப் போகிறேனா என்று பின்னால் இருப்பவளுக்கு மட்டும் தெரிய வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி சைகை. எதிர்ப்பக்கம் தலைக்கு மேல் தூக்கிப் போட்டால் இருவரும் பேசாமலே இடம் மாறுகிறார்கள். நடுவில் வரும் பந்து யாருடையது என்பதுதான் இரட்டையரின் பெரிய வழக்கு. அங்கே ஒரு கணம் இருவரும் தயங்கினால் புள்ளி போச்சு. அந்த இரு சிறுமிகளைப் பார்த்தபோது, ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவது நினைவுக்கு வந்தது. ஒருத்தியின் உலக்கை எழும்போது மற்றவளுடையது இறங்கும். கண்ணால் பார்த்துச் செய்தால் முட்டும், காதால் கேட்டுச் செய்தால் முட்டாது.

பயிற்சியாளர் பெண்மணி ஒருவர் ஆங்கிலம் பேசினார். ஐம்பது வயதைத் தாண்டியவர், வெயிலில் கறுத்த முகம். "எதைப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"பந்து எங்கே போகிறதென்று" என்றேன்.

"பந்தைப் பார்க்காதீர்கள். பந்து இல்லாத பெண்ணைப் பாருங்கள். அவள் எங்கே நகர்கிறாள் என்று பாருங்கள்."

அதன்பின் ஆட்டமே எனக்கு வேறாகத் தெரிந்தது. பந்தை அடிக்காதவள் ஓயவே இல்லை. ஓரடி முன்னே, அரையடி பக்கவாட்டில், தோளை ஒரு தடவை அசைத்து ஏமாற்று. எதிராளியின் கண் அவள் பக்கம் ஒரு கணம் திரும்பினால் போதும், பந்து வலையில். புள்ளி அவள் துணையின் பெயரில் விழும். வென்றது யார் என்று ஸ்கோர் பலகை சொல்லாது.

ஊர்க் கிளப்பிலிருந்து உலகச் சுற்றுக்குப் போனால் இந்தக் கலை ஒரு பிழைப்பாகிறது, கடினமான பிழைப்பு. பெரும்பாலான சிறிய போட்டிகளில் 16 ஜோடிகளுக்குத்தான் இடம். இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டித்தான் இடம் கிடைக்கும். எனவே எவ்வளவு நன்றாக ஆடினாலும், துணையின் எண் பெரிதாக இருந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். துணைக்குக் காயம் என்றால் நம் வாரமும் போயிற்று. 40-40 வந்தால் ஒரே புள்ளியில் அந்த கேம் முடிவாகிறது. மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டைபிரேக். கிராண்ட் ஸ்லாம்களில் மட்டுமே பெண்கள் இரட்டையர் முழு மூன்று செட்டாக நடக்கிறது. போட்டி நடத்துபவர்களுக்கு நேரம் மிச்சம். ஆடுபவர்களுக்கோ ஒரு சறுக்கலில் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டிய நிலை.

பணமும் அப்படித்தான். 2024 ஜூலை 13, விம்பிள்டன். ஒரே சனிக்கிழமையில் இரண்டு பழைய தோழிகள் பட்டம் வென்றார்கள். பகலில் க்ரெய்ச்சிகோவா ஒற்றையர் இறுதியில் ஜாஸ்மின் பாவ்லீனியை 6-2, 2-6, 6-4 என்று வென்று 27 லட்சம் பவுண்டு பெற்றார். இரவு சினியகோவா, டெய்லர் டவுன்செண்டோடு சேர்ந்து இரட்டையர் இறுதியை இரண்டு டைபிரேக்குகளில் வென்றார். ஜோடிக்கு 6,50,000 பவுண்டு; பங்கு பிரித்தால் ஆளுக்கு 3,25,000. ஒற்றையர் வெற்றியாளருக்குக் கிடைத்ததில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. இரட்டையரில் பாதி உழைப்புதான், பாதிக் களம்தான் என்று ஒருவர் கணக்குச் சொல்லலாம். அந்தப் பாதியிலும் பாதியிலும் பாதி என்று போகும் கணக்கை எந்த உழைப்பும் நியாயப்படுத்தாது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

சினியகோவாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹ்ராதெட்ஸ் க்ராலோவே என்ற ஊரில் பிறந்தவர், குத்துச்சண்டை வீரரின் மகள். 2022-இல் அவரும் க்ரெய்ச்சிகோவாவும் ஆஸ்திரேலியா, விம்பிள்டன், அமெரிக்கா என்று ஆடிய மூன்று கிராண்ட் ஸ்லாம்களையும் வென்றார்கள். ஃபிரெஞ்சு ஓப்பனில் அவர்களைத் தடுத்தது எதிராளி இல்லை, க்ரெய்ச்சிகோவாவுக்கு வந்த கோவிட். அந்த ஆண்டு அமெரிக்க ஓப்பன் இறுதியில் முதல் செட்டை இழந்து, இரண்டாவதில் 1-4 என்று பின்தங்கி, அங்கிருந்து மீண்டு வந்தார்கள். எதிரே நின்ற இருவரில் ஒருவர் டவுன்செண்ட். 2023 இறுதியில் ஜோடி பிரிந்தபின் சினியகோவா அந்த டவுன்செண்டையே துணையாக்கிக்கொண்டார். அதற்கு முன் 2024 ஃபிரெஞ்சு ஓப்பனில் கோகோ காஃபோடு முதன்முறையாகச் சேர்ந்து ஆடி, பட்டத்தையே வென்றார். யாரோடு நின்றாலும் அவரை வெல்லவைக்கும் அந்தத் திறமையில் நோவோட்னாவின் வழியை நான் பார்க்கிறேன், நேரடிச் சிஷ்யை அவர் இல்லாவிட்டாலும். நம்மூர் ரசிகர்களுக்கு 2016-இல் சின்சினாட்டியில் சானியாவோடு சேர்ந்து கோப்பை வென்ற பார்போரா ஸ்ட்ரிட்சோவாவை நினைவிருக்கும். அவரும் இதே நாட்டுப் பெண்தான்.

க்ரெய்ச்சிகோவாவுக்கு வருகிறேன். இரட்டையரில் உலகின் முதலிடத்தைத் தொட்டபின்னும் ஒற்றையரில் அவர் தகுதிச் சுற்றுகளில் உழன்றுகொண்டிருந்தார். இரட்டையர் சாம்பியனாகப் பெரிய அரங்கில் ஆடியவர், அதே ஊரில் ஒற்றையருக்காக ஆளில்லாத ஓரக் களத்தில் நிற்க வேண்டியிருந்தது. 2021 ஃபிரெஞ்சு ஓப்பனுக்கு அவர் தர நிர்ணயம் இல்லாதவராக வந்தார். அரையிறுதியில் மரியா சக்காரியிடம் ஒரு மேட்ச் பாயின்டைத் தாண்டி, மூன்றாவது செட்டை 9-7 என்று முடித்தார். சனிக்கிழமை ஒற்றையர் கோப்பை. அதை அவர் கையில் கொடுத்தவர் நவ்ரத்திலோவா. மறுநாள் சினியகோவாவோடு இரட்டையர் கோப்பை. 2000-இல் மேரி பியர்ஸுக்குப் பின் ஒரே ஆண்டில் அங்கே இரண்டையும் வென்றவர் அவரே. திடீரென்று எங்கிருந்தோ வந்தவர் என்று அப்போது சிலர் எழுதினார்கள். அவர் எங்கிருந்தும் திடீரென்று வரவில்லை. கிராண்ட் ஸ்லாம் இறுதியின் படபடப்பை, சென்டர் கோர்ட்டின் இரைச்சலை, கோப்பைக்காக சர்வீஸ் போடும்போது கை நடுங்குவதை எல்லாம் இரட்டையரில் பல ஆண்டுகள் பழகியிருந்தார். வலையருகே அவர் கை காட்டும் மென்மை, உயரப் போட்டு விழவைக்கும் பந்து, எதிராளியின் காலடியில் தாழ்த்தி அனுப்பும் பந்து எல்லாம் இரட்டையர் கொடுத்த சொத்து.

2024 விம்பிள்டன் வெற்றிக்குப் பின் அவரை அரங்கின் உள்ளே அழைத்துப்போய், சாம்பியன்களின் பெயர்ப் பலகையைக் காட்டினார்கள். 1998 என்ற ஆண்டுக்கு நேரே நோவோட்னாவின் பெயர். அதே பலகையில் தன் பெயரும் ஏறியதைப் பார்த்து அவர் விம்மி அழுதார். நான் தொலைக்காட்சியில் பார்த்து அழுதேன்.

இவான்சிட்சேயில் மாலை ஐந்து மணியாகியும் குழுப் போட்டி முடியவில்லை. எல்லாம் கடைசிப் பெண்கள் இரட்டையரில் வந்து நின்றது. வேலியோரம் பெற்றோர், தாத்தா பாட்டி, ஏற்கெனவே ஆடி முடித்த பிள்ளைகள் எல்லோரும் நெருக்கி நின்றார்கள். ஊர்ப் பெண்கள் தோற்றார்கள். கைகுலுக்கி முடித்ததும், தோற்றவர்களும் வென்றவர்களும் ஆளுக்கொரு வலையை எடுத்துக் களத்தை இழுக்கத் தொடங்கினார்கள். கிளப் வீட்டில் விருந்தாளிக் குழுவுக்குச் சுடச்சுட கூலாஷ் பரிமாறினார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது.

வென்ற பெண்களில் ஒருத்தியின் அப்பா எதிரே உட்கார்ந்து, மகளை மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் பேசினார். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் அவர்கள் ஊரில். "அவசியம் வாருங்கள். இரட்டையர் நான்கு மணிக்கு மேல்தான் தொடங்கும், அதற்கு வந்தால் போதும்" என்றார். மகள் இடைமறித்து, தன் துணைக்குத் தேர்வு இருப்பதால் வேறு ஒருத்தியோடு ஆடப் போவதாகவும், புதன்கிழமை முதல் அவளோடு பயிற்சி என்றும் சொன்னாள். புதன்கிழமையே வரலாமா என்று கேட்டேன். வரலாம் என்றாள்.